ஆற்றில் திருப்பி விடப்படும் பெரிய சால்மன் பிழைக்கிறதா?

கனடாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வரும் கோடையில் கியூபெக் மாகாணத்தின் காஸ்பே பக்கம் அட்லாண்டிக் சால்மன் பிடிக்கப் போகிறேன். பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ மீனைக்கூடப் படம் எடுத்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். அது உண்மையில் பிழைக்கிறதா, அல்லது கண்ணுக்கு மறைவாகப் போய்ச் செத்துவிடுகிறதா? பிழைக்க வேண்டுமானால் நான் என்ன செய்ய வேண்டும்?"

பிழைக்கிறது. ஆனால் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். மீன் தண்ணீரை விட்டு வெளியே வராமலும் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

நியூ பிரன்ஸ்விக்கின் மிராமிஷி ஆற்று மீன்களை வைத்து 1990களில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. முதலாவது இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில், தண்ணீர் ஆறு டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தபோது நடந்தது. தூண்டிலில் பிடிபட்ட பெரிய சால்மன் இருபதில் ஒன்றுகூடச் சாகவில்லை. அவற்றிடமிருந்து எடுத்த முட்டைகளும், தூண்டிலே படாத மீன்களின் முட்டைகளைப் போலவே பொரித்தன. இரண்டாவது கோடையில், தண்ணீர் இருபது டிகிரியை ஒட்டியிருந்தபோது நடந்தது. அதில் பிடிபட்ட மீன்களில் நாற்பது சதவீதம் செத்துப்போயின. ஆறும் இனமும் ஒன்றே. முக்கியமாக மாறியது தண்ணீரின் சூடுதான். நார்வேயின் அல்டா ஆற்றில், விடப்பட்ட மீன்களுக்கு ரேடியோ ஒலிபரப்பி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அங்கே தண்ணீர் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். ஏறக்குறைய எல்லா மீன்களுமே பிழைத்தன. சில மீன்கள் விட்டவுடன் கொஞ்ச தூரம் கீழே இறங்கிப் போய்த் தங்கிவிட்டு, பிறகு மேலே ஏறின. ஆகவே விடப்பட்ட மீன் ஆற்றோட்டத்தோடு கீழே போவதைப் பார்த்துச் சாகப்போகிறது என்று எண்ண வேண்டாம்.

சூடு ஏன் இவ்வளவு பொல்லாதது? பத்து டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். இருபது டிகிரியில் அது ஒன்பதாகக் குறைந்துவிடும். அதே நேரத்தில் மீனின் உடலுக்கோ முன்பைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் தேவைப்படும். தூண்டிலில் மாட்டிய சால்மன் பாய்ந்து ஓடுவது மூச்சுக்கு ஈடுகட்டி ஓடும் ஓட்டம் இல்லை. தசையில் சேமித்து வைத்ததை எரித்து ஓடும் ஓட்டம். அதில் லாக்டிக் அமிலம் குவியும், இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறும். குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரத்தில் அந்தக் கடனை அடைத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடைக்க முடியாமல், விட்ட பிறகு எங்கோ ஒரு மடுவின் அடியில் சாகும். உங்கள் கையிலிருந்து நன்றாகவே நீந்திப் போயிருக்கும் என்பதால் அந்தச் சாவு உங்கள் கண்ணில் படாது. மறைவாகச் சாவது பற்றி நீங்கள் கேட்டது இந்த வகையில் நியாயமான சந்தேகம்.

ஆகையால் பையில் முதலில் வைக்க வேண்டியது வெப்பமானி. காலையில் ஆற்றில் இறங்கும்போது ஒருமுறை பாருங்கள், பதினொரு மணிக்கு இன்னொரு முறை பாருங்கள். பதினெட்டு டிகிரி வந்துவிட்டால் அன்றைய மீன்பிடியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இருபது என்றால் தூண்டிலை மடக்கிவிடுங்கள், விதி அனுமதித்தாலும் சரி. மிராமிஷியில் இரவிலும் தண்ணீர் ஆறாமல் இருபதுக்கு மேலேயே நிற்கும் நாட்களில் குறிப்பிட்ட மடுக்களை அரசே மூடிவிடுகிறது. அவை ஏன் குறிப்பிட்ட மடுக்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வெயில் கடுமையான வாரங்களில், குளிர்ந்த ஓடை வந்து கலக்கும் இடங்களிலும் ஊற்று கசியும் இடங்களிலும் சால்மன்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கண்ணாடி போன்ற தண்ணீரில் அவற்றின் முதுகு வரிசை வரிசையாகத் தெரியும். அங்கே தூண்டில் போட யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அவை அங்கே நிற்பது போக வேறு இடம் இல்லாததால். அந்த மூலையிலிருந்து ஒரு மீனை இழுத்துச் சூடான ஓட்டத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டால் அது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் தூண்டில் போடுகிறவரை நான் மீன்பிடிப்பவராக மதிப்பதில்லை.

அடுத்தது காற்று. ஆய்வகத்தில் ரெயின்போ ட்ரவுட் மீன்களைக் களைக்கும்வரை ஓடவிட்டு, பிறகு தண்ணீருக்கு வெளியே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1992இல் வெளிவந்தது. களைத்த பிறகு வெளியே எடுக்காமல் விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. முப்பது விநாடி வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். அது வேறு மீன், தொட்டியில் நடந்த சோதனை; அந்த எண்களை அப்படியே சால்மனுக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் முப்பது விநாடி என்பது எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பாருங்கள். மீனைத் தூக்கி, சிரித்து, "இன்னொன்று எடு" என்று சொல்லி முடிப்பதற்குள் அது போய்விடும். தண்ணீருக்கு வெளியே செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு அங்கேயே நின்றுவிடும். அதுவும் அந்த மீன் தன் வாழ்நாளிலேயே மிக அதிகமாக மூச்சு வாங்க வேண்டிய நிமிடத்தில்.

உயிர் பிழைப்பது மட்டும் போதாது என்பதைக் காட்டியது கியூபெக்கின் எஸ்குமின் ஆற்றில் நடந்த ஆய்வு. 2013இல் வெளியானது. ஆய்வு நடந்தபோது ஆற்றுக்குத் திரும்பிய ஒவ்வொரு மீனின் மரபணு மாதிரியையும் எடுத்து, பிறகு பிறந்த குஞ்சுகளின் பெற்றோர் யார் என்று பார்த்தார்கள். பிடித்து விடப்பட்ட மீன்களும் குஞ்சுகளைத் தந்திருந்தன. அது நல்ல செய்தி. ஆனால் சூடான தண்ணீரும் காற்றில் இருந்த நேரமும் சேர்ந்தபோது குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது: பிடிபட்டதால் நேர்ந்த பாதிப்பு சிறிய மீன்களைவிடப் பெரிய மீன்களுக்கே அதிகம். நீங்கள் கனவு காணும் அந்தப் பன்னிரண்டு கிலோ மீன்தான், கவனக்குறைவுக்கு மிக அதிக விலை கொடுக்கும் மீன்.

அந்த ஒரு மீனுக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்புகிறது. ஒரே ஒரு குளிர்காலம் கடலில் இருந்துவிட்டு வருவது இரண்டு, மூன்று கிலோ இருக்கும்; அதைக் கிரில்ஸ் என்கிறார்கள். கனடாவின் பல ஆறுகளில் கிரில்ஸில் பெரும்பாலானவை ஆண்கள். இரண்டு, மூன்று குளிர்காலம் கடலில் தங்குபவை கிரீன்லாந்து வரை போய் மேய்ந்துவிட்டு வருகின்றன. அவற்றில் பெண்களே மிகுதி. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு முட்டை என்று வைத்தால், பன்னிரண்டு கிலோ சினை மீனின் வயிற்றில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். எஸ்குமின் ஆய்வில் இன்னொரு விந்தையும் தெரிந்தது: ஆய்வுசெய்த குஞ்சுகளில் 44 சதவீதத்துக்குத் தந்தை, கடலையே பார்க்காத, ஆற்றிலேயே முதிர்ச்சி அடைந்துவிட்ட சிறு ஆண் மீன்கள். இந்த ஆறுகளில் ஆணுக்குப் பஞ்சமில்லை, சினைக்குத்தான் பஞ்சம்.

எத்தனை ஆண்டு கடலில் இருப்பது என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. வி.ஜி.எல்.எல்.3 என்ற ஒரே மரபணுப் பகுதி, மீன் எந்த வயதில் முதிர்கிறது என்பதில் காணும் வேறுபாட்டில் 39 சதவீதத்தை விளக்குகிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். பெரிய மீன்களையே பொறுக்கிக் கொன்றுகொண்டிருந்தால் காலப்போக்கில் ஆற்றில் பெரிய மீனே பிறக்காமல் போகும். மேலும் பசிபிக் சால்மன் போல அட்லாண்டிக் சால்மன் ஒருமுறை முட்டையிட்டதும் கட்டாயம் செத்துப்போவதில்லை. மெலிந்து கடலுக்குத் திரும்பி, தேறி, மறுபடி வருபவை உண்டு. இன்று நீங்கள் விடும் மீன் இன்னும் பெரியதாகத் திரும்பி வரலாம்.

பழைய சாதனைகள் எல்லாம் செத்த மீன்களின் சாதனைகள். காஸ்பேயின் கிராண்ட் கஸ்கபீடியா ஆற்றில் 1886இல் ஆர். ஜி. டன் பிடித்த 54 பவுண்டு மீன், ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 1922இல் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு மீன், நார்வேயின் தானா ஆற்றில் 1928இல் பிடிபட்ட 36 கிலோ மீன் எல்லாம் தராசில் ஏறியவை. பெரிய மீனை விட்டுவிடலாம் என்று அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் 1930களில் சொல்லத் தொடங்கியபோது கேட்க ஆள் குறைவு. 1984இல் கனடாவின் அட்லாண்டிக் கரை மாகாணங்களில் 63 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள மீனைத் தூண்டில்காரர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்தது. ஸ்காட்லாந்தில் 1994இல் தூண்டிலில் பிடித்தவற்றில் எட்டுச் சதவீதத்துக்கும் குறைவாகவே விட்டார்கள். இப்போது அங்கே விடுவது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். ஒரு தலைமுறைக்குள் இந்த மாற்றம் நடந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இனி செய்முறை. வலுவான தூண்டில் நரம்பு போடுங்கள். மெல்லிய நரம்பில் பெரிய மீன் பிடிப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு மீன்தான் விலை கொடுக்கிறது. முன்பெல்லாம் பவுண்டுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பத்துக் கிலோ மீனை அப்படி விளையாட்டுக் காட்டினால் இருபது நிமிடத்தைத் தாண்டிவிடும். அதில் பாதி நேரத்தில் கொண்டுவர முயலுங்கள். கம்பை நிமிர்த்திப் பிடித்து நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். கரையோரமாக நடந்து மீனுக்குக் கீழே போய்விட்டால், அது உங்கள் இழுப்போடு ஆற்றோட்டத்தையும் எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும். கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் தலை திரும்பும், சமநிலை குலையும். நீங்கள் இளைப்பாறினால் மீனும் இளைப்பாறும், போராட்டம் நீளும்.

முள் ஒன்றே ஒன்று, நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு குத்து இல்லாததாக இருக்கட்டும். இருந்தால் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஆற்றுக்குள் வந்த பிறகு சால்மன் எதையும் உண்பதில்லை. பின் ஏன் இறகும் மயிரும் கட்டிய பொய்யிரையைக் கவ்வுகிறது என்பது இன்னும் தீராத புதிர். விழுங்கும் நோக்கம் இல்லாததால் முள் பெரும்பாலும் தாடையின் ஓரத்திலேயே குத்தியிருக்கும். புழுவை இரையாக வைத்தால் ஆழத்தில் மாட்டும். அந்த வகையில் இந்தப் பொய்யிரை கட்டிய ஃப்ளைத் தூண்டில் மீனுக்கு நல்லது. எப்போதாவது முள் செவுளுக்குள் போய்விட்டால் தோண்டி எடுக்க முயலாமல் நரம்பை வெட்டிவிடுங்கள்.

கரையில் கூழாங்கல் மேல் இழுத்துப் போடுவதை அறவே விடுங்கள். துள்ளும் மீனின் செதில் பெயரும், மேலிருக்கும் வழுவழுப்பு வழித்துக்கொண்டு போகும். அந்த வழுவழுப்புதான் அதன் காப்பு. அது போன இடத்தில் சப்ரோலெக்னியா என்ற, பூஞ்சை போன்ற நீர்வாழ் நுண்ணுயிரி வெள்ளைப் பஞ்சு போலப் படரும். முட்டையிடும் இலையுதிர்காலம் வரை அந்த மீன் எதுவும் தின்னாமல் காத்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஜூனில் பட்ட காயம் அக்டோபரில் அதைக் கொல்லக்கூடும். முழங்கால் அளவு தண்ணீரில், முடிச்சில்லாத ரப்பர் வலையில் ஏந்துங்கள். வலைக்குள் மீன் தண்ணீரிலேயே கிடக்கட்டும். வலை இல்லையென்றால் வாலின் அடிப்பகுதியைப் பிடிக்கலாம். சால்மனுக்கு அந்த இடம் கெட்டியானது, கை நழுவாது. கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், துணிக் கையுறை வேண்டாம். வாலைப் பிடித்துத் தலைகீழாக மட்டும் தூக்கிவிடாதீர்கள். தண்ணீர் தாங்கிய உடம்பு அது. பத்துக் கிலோ எடையும் முதுகெலும்பில் தொங்கினால் தாங்காது. செவுளுக்குள் விரல் விடவே கூடாது.

படம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் அது வேண்டும். முள்ளை எடுத்த பிறகும் மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும். படம் எடுப்பவர் கேமராவைச் சரிசெய்து முடித்து, "சரி" என்று சொல்லட்டும். அதன் பிறகு ஒரு கை வாலடியில், ஒரு கை நெஞ்சுத் துடுப்புகளுக்குக் கீழே வைத்து, கிடைமட்டமாக, தண்ணீரை ஒட்டி ஒரே ஒருமுறை உயர்த்துங்கள். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். இரண்டு, மூன்று விநாடி போதும். படம் சரியாக வரவில்லையென்றால் அது போனது போனதுதான். பாதி உடம்பு தண்ணீருக்குள் இருக்க எடுக்கும் படம், மார்போடு அணைத்துத் தூக்கிய படத்தைவிட அழகு என்பது என் கட்சி. அந்த வெள்ளி நிறம் ஆற்றுத் தண்ணீரில்தான் சரியாகத் தெரியும்.

எடை தெரிந்தே ஆக வேண்டுமா? தராசில் தொங்கவிட வேண்டாம். வலைக்குள் இருக்கும்போதே நாடாவால் நீளத்தையும், முதுகுத் துடுப்புக்கு முன்னால் சுற்றளவையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 29,000ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 110 சென்டிமீட்டர் நீளமும் 58 சென்டிமீட்டர் சுற்றளவும் இருந்தால் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் கிலோ. சுற்றளவு எடுக்க முடியாவிட்டால், ஒரு மீட்டர் மீன் பத்துக் கிலோ என்று நார்வேயில் சொல்லும் கணக்கு போதுமானது.

விடும்போது அவசரம் வேண்டாம். மிதமாக ஓடும் தெளிந்த தண்ணீரில், தலை ஓட்டத்தைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். கலங்கிய ஓரத்திலும் வேண்டாம், பாயும் நடு ஓட்டத்திலும் வேண்டாம். சிலர் மீனை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். பின்னுக்கு இழுக்கும்போது செவுள் வழியே தண்ணீர் தவறான திசையில் போகும். ஆட்டாமல் தாங்கிக்கொண்டிருந்தால் போதும். வாய் வழியே தண்ணீர் தானாகப் போய்க்கொண்டிருக்கும். செவுள் மூடி சீராகத் திறந்து மூட வேண்டும். தாங்கும் கையைத் தளர்த்தினால் பக்கவாட்டில் சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். வாலில் வலு ஏறுவது உங்கள் பிடியிலேயே தெரியும். அது தானே உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். ஒரு நிமிடமும் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். பெரிய மீனுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இதெல்லாம் மீனை வதைப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. சுவிட்சர்லாந்தில் விட்டுவிடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதையே சட்டம் தடுக்கிறது. ஜெர்மனியில் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றமாகலாம். தானா ஆற்றங்கரையில் வாழும் சாமி என்ற பூர்வகுடி மக்களுக்குச் சால்மன் உணவு. உணவோடு விளையாடுவது தகாது என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உறைக்கிறது. அதனால் விட்டுவிடப் போகிறோம் என்பதற்காக எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பதை ஏற்க மறுக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான் விடலாம் என்று பல ஆறுகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு பெரிய மீன் கிடைத்த நாளில் வரம்பை எட்டாவிட்டாலும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்ல பழக்கம்.

விட்டுவிடுவதால் மட்டும் சால்மன் காப்பாற்றப்பட்டுவிடும் என்று யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் அட்லாண்டிக் சால்மனை 'அச்சுறுத்தலை நெருங்கிய' இனமாக அறிவித்தது. 2006 முதல் 2020 வரை உலக எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்திருப்பதாகவும் சொன்னது. பிரிட்டனில் அது அழியும் ஆபத்தில் உள்ள நிலைக்குப் போய்விட்டது. 2024 ஜூனில், பருவத்தின் நடுவிலேயே, நார்வே 33 ஆறுகளை மூடியது. கடலின் வெப்பம், பண்ணைச் சால்மன்களிலிருந்து பரவும் கடல் பேன், பண்ணையிலிருந்து தப்பிக் காட்டு மீனோடு கலக்கும் மீன்கள், ஆற்றை மறிக்கும் அணைகள் ஆகியவையே பெரிய காரணங்கள். தூண்டில்காரர் கையில் இருப்பது மிகச் சிறிய பங்குதான். ஆனால் கடலின் எல்லா இடர்களையும் தாண்டி ஆறு வரை வந்துவிட்ட ஒரு சினை மீனை, கடைசிக் கட்டத்தில் ஒரு படத்துக்காக இழப்பதை எந்த வகையில் நியாயப்படுத்துவது?

உங்கள் பயணம் பற்றி ஒன்று. காஸ்பே ஆறுகளில் பெரிய மீன்கள் முதலில் வருகின்றன, கிரில்ஸ் பின்னால் வருகிறது. ஜூன் மாதத்தில் தண்ணீர் குளிர்ந்து, நிறைந்து ஓடும். ஆகஸ்டில் வற்றிச் சூடாகிவிடும். விடுமுறையை மாற்ற முடிந்தால் ஜூனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உரிமம், நாள் வரம்பு, வைத்துக்கொள்ளக்கூடிய அளவு எல்லாம் ஆற்றுக்கு ஆறு மாறும், பருவத்தின் நடுவிலும் மாறும். எனவே புறப்படும் வாரத்தில் அந்தந்த ஆற்றின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஒருவரை அமர்த்தினால், ரப்பர் வலை வைத்திருக்கிறாரா, தண்ணீர் எத்தனை டிகிரியில் நிறுத்துவார் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உடனே ஒரு எண்ணைச் சொல்பவரை அமர்த்துங்கள்.